சூப்பர் ஹீரோவின் நிறம் மாறினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மார்வெல், டிசி படம் வெளியாகும்போதும் அதே சண்டை. "காமிக்ஸில் இவர் வெள்ளைக்காரராச்சே, படத்தில் எப்படிக் கறுப்பரானார்?" என்று ஒருவர் கேட்பார், இன்னொருவர் "நீ இனவெறியன்" என்பார், அப்புறம் இருவரும் காமிக்ஸைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். பழைய காமிக்ஸ் வாங்கியே பரணை நிறைத்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடமும் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் இந்த 'ஆரிஜின்', 'ரெட்கான்' எல்லாம் என்ன?

ஆரிஜின் என்பது ஒருவர் எப்படி ஹீரோ ஆனார் என்ற கதை: எங்கே பிறந்தார், யாரைப் பறிகொடுத்தார், சக்தி எப்படி வந்தது. ரெட்கான் என்பது ஏற்கெனவே அச்சாகி நாம் படித்து முடித்த கதையை, பின்னால் வரும் எழுத்தாளர் ஒருவர் "அது அப்படி நடக்கவில்லை, இப்படித்தான் நடந்தது" என்று மாற்றி எழுதுவது. ஒரே சாமிக்கு ஊருக்கு ஒரு தலபுராணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. மேக்னீட்டோ 1963இல் எக்ஸ்-மென் முதல் இதழில் வந்தபோது உலகை ஆளத் துடிக்கும் சாதாரண வில்லன், அவ்வளவுதான். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வளர்ந்தவர் என்ற பின்னணியை எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட் 1981இல், 18 வருடம் கழித்துத்தான் சேர்த்தார். இன்று அது இல்லாத மேக்னீட்டோவை நினைத்துப் பார்க்கவே முடியாது. அதனால் "ஒரிஜினலில் கை வைக்காதே" என்பவரிடம் நான் முதலில் கேட்பது, எந்த வருடத்து ஒரிஜினல்?

நிக் ஃப்யூரியை மாற்றியது சினிமாக்காரர்கள்தானே?

இல்லை. 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய ஃப்யூரி வெள்ளையர், இரண்டாம் உலகப் போர் சார்ஜன்ட், பிற்பாடு ஒற்றைக் கண் உளவாளி. மார்வெல் 2000இல் 'அல்டிமேட்' என்ற தனி உலகத்தில் எல்லாக் கதைகளையும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கியபோது, அங்கே ஃப்யூரி கறுப்பரானார். 2002இல் மார்க் மில்லர் எழுதி பிரையன் ஹிட்ச் வரைந்த 'தி அல்டிமேட்ஸ்' தொடரில் அவருக்கு அப்படியே கறுப்பின நடிகர் சாமுவேல் ஜாக்சனின் முகம், அதுவும் அவரைக் கேட்காமலே. ஜாக்சன் அதைப் பார்த்துவிட்டு ஆள் அனுப்பி விசாரித்தார். வழக்குப் போட்டிருக்கலாம். அதற்குப் பதில் படம் எடுத்தால் அந்த வேடம் உங்களுக்குத்தான் என்று பேசி முடித்தார்கள். 2008 'அயர்ன் மேன்' கடைசியில் அவர் இருட்டிலிருந்து வெளியே வந்தது அப்படித்தான்.

கதை அங்கே முடியவில்லை. படம் ஓடியதும் மூலக் காமிக்ஸில் இருக்கும் வெள்ளை ஃப்யூரியை என்ன செய்வது என்று தெரியாமல், 2011-12இல் மார்கஸ் ஜான்சன் என்ற கறுப்பினச் சிப்பாயைக் கொண்டுவந்து, அவர் ஃப்யூரிக்கே தெரியாத மகன் என்று சொல்லி, ஒரு கண்ணையும் பறித்து, நிக் ஃப்யூரி ஜூனியர் என்று பெயர் சூட்டினார்கள். அந்தக் கண்ணைப் பறித்த இடத்தில் நான் சிரித்தே விட்டேன். பாத்திரத்துக்குப் பட நடிகரின் சாயல் வரவேண்டும் என்பதற்காக நடந்த அறுவை சிகிச்சை அது. நிறம் மாறியதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, ஃப்யூரியின் கதையில் அவர் வெள்ளையராக இருந்தே ஆகவேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. மாற்றத்தை நியாயப்படுத்த எழுதிய கதைதான் அசடு வழிகிறது.

மைல்ஸ் மொராலெஸ் என்பவர் கறுப்பு பீட்டர் பார்க்கரா?

அடிக்கடி வரும் கேள்வி. அடிக்கடி தவறாகப் பதில் சொல்லப்படும் கேள்வியும் இதுதான். பீட்டரின் நிறத்தை யாரும் மாற்றவில்லை. 2011இல் அல்டிமேட் உலகத்தின் பீட்டர் பார்க்கர் செத்துப்போகிறான், அந்த இடத்துக்கு வருகிற வேறொரு பையன் மைல்ஸ். அப்பா கறுப்பர், அம்மா புவேர்ட்டோ ரிக்கோக்காரர், ஊர் புரூக்ளின். பிரையன் மைக்கேல் பெண்டிஸும் சாரா பிச்செல்லியும் உருவாக்கினார்கள். அதற்கு முந்தைய வருடம் நடிகர் டொனால்ட் குளோவரை ஸ்பைடர்மேனாக நடிக்க வையுங்கள் என்று இணையத்தில் ஒரு பிரச்சாரம் நடந்தது, பெண்டிஸ் குளோவரை ஒரு டிவி தொடரில் ஸ்பைடர்மேன் உடையில் பார்த்ததும் "இந்தக் கதையைப் படிக்க எனக்கே ஆசையாக இருக்கிறது" என்று தோன்றியதாகப் பின்னர் சொல்லியிருக்கிறார்.

மைல்ஸ் நிலைத்ததற்குக் காரணம் அவனுக்கென்று ஒரு வீடு இருந்ததுதான். பீட்டருக்கு பென் மாமா சொன்ன அறிவுரை, மைல்ஸுக்கோ திருட்டுத் தொழில் செய்யும் ஏரன் சித்தப்பா. பீட்டர் அநாதை, மைல்ஸுக்கு அம்மா அப்பா இருவரும் உண்டு, லாட்டரி குலுக்கலில் பள்ளியில் இடம் கிடைத்ததற்குக் குற்ற உணர்ச்சியும் உண்டு. அந்தக் குலுக்கல் காட்சியில் தன் பையனின் எண் வந்ததும் அம்மா அழுவதும், அதே அறையில் எண் வராத பிள்ளைகளின் முகத்தை மைல்ஸ் பார்ப்பதும்... சிலந்தி கடிக்கும் முன்பே ஆரிஜின் தொடங்கிவிடுகிறது. 2015இல் அல்டிமேட் உலகத்தையே மார்வெல் மூடியபோது அங்கிருந்து மூல உலகத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் அவனும் ஒருவன். அவனை நாயகனாக வைத்து 2018இல் வந்த அனிமேஷன் படம் ஆஸ்கர் வாங்கியது.

முன்பெல்லாம் கறுப்பின ஹீரோக்களே இல்லையா?

இருந்தார்கள், அச்சுக்கு வருவதுதான் கஷ்டம். 1947இல் ஆரின் எவான்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர், எழுதுவோர் வரைவோர் அனைவரும் கறுப்பினத்தவராக ஒரு காமிக்ஸ் கொண்டுவந்தார். ஒரே ஒரு இதழ்தான் வந்தது, இரண்டாம் இதழுக்குக் காகிதம் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. 1956இல் ஈசி காமிக்ஸ் என்ற நிறுவனம், 'ஜட்ஜ்மென்ட் டே' என்ற தன் பழைய கதையை மறுபடி அச்சிடப் போனது. நீல ரோபோக்களும் ஆரஞ்சு ரோபோக்களும் பாகுபாட்டோடு வாழும் கிரகத்தை ஆய்வு செய்ய வரும் விண்வெளி வீரர், கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார், கறுப்பர். தணிக்கை அமைப்பின் தலைவர் அந்த வீரர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். மாற்றினால் கதையே இல்லை. பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸ் சண்டை போட்டு அப்படியே அச்சிட்டார், அதோடு காமிக்ஸ் இதழ்கள் போடுவதையும் நிறுத்திவிட்டார்.

1963இல் ஃப்யூரியின் படையில் கேப் ஜோன்ஸ் என்ற கறுப்பினச் சிப்பாய் வந்தார். முதல் இதழில் அவருக்கு வெள்ளையரின் தோல் நிறத்தைப் பூசிவிட்டார்கள். 1966இல் பிளாக் பாந்தர் வந்தார். அவர் வந்த இதழின் அட்டைக்குக் கிர்பி முதலில் வரைந்த படத்தில் பாதி முகம் தெரியும் முகமூடி, அச்சான அட்டையில் முகம் முழுக்க மூடியிருக்கும்.

டிசி பக்கம் இன்னும் வேடிக்கை. 70களின் நடுவில் அவர்கள் தங்கள் முதல் கறுப்பின நாயகத் தொடராகத் திட்டமிட்டது 'பிளாக் பாம்பர்'. ஒரு வெள்ளை இனவெறியன், பதற்றம் வந்தால் கறுப்பின சூப்பர் ஹீரோவாக மாறுவானாம்! டோனி இசபெல்லா என்ற எழுத்தாளர் இதைத் தயவுசெய்து வெளியிடாதீர்கள் என்று மன்றாடி நிறுத்தி, பதிலுக்கு எழுதிக் கொடுத்ததுதான் 1977இன் 'பிளாக் லைட்னிங்'.

ஆரிஜினை மாற்றியே ஒரு கறுப்பின ஹீரோவைக் கெடுத்த கதை உண்டா?

உண்டு, ஃபால்கன். கேப்டன் அமெரிக்கா 117ஆம் இதழில், 1969இல், ஸ்டான் லீயும் ஜீன் கோலனும் கொண்டுவந்த சாம் வில்சன்தான் பெரிய நிறுவனக் காமிக்ஸ்களில் முதல் ஆப்பிரிக்க-அமெரிக்க சூப்பர் ஹீரோ (பிளாக் பாந்தர் ஆப்பிரிக்க அரசர், அமெரிக்கர் இல்லை). ஹார்லெம்காரர், நியாயஸ்தர், அங்கேயே சமூக சேவகர் வேலை பார்ப்பவர். யாரும் சக்தி கொடுக்காமல், பயிற்சியாலும் ஒரு பருந்தோடு உள்ள நட்பாலும் ஹீரோ ஆனவர்.

1975இல் 186ஆம் இதழ். ஸ்டீவ் எங்கிள்ஹார்ட்டின் கதையில் ரெட் ஸ்கல் என்ற நாஜி வில்லன் உண்மையைச் சொல்கிறான்: சாம் நல்லவனே இல்லையாம். 'ஸ்னாப்' வில்சன் என்ற தெருப் பொறுக்கியாம், கும்பலுக்கு வேலை செய்தவனாம், ரெட் ஸ்கல்தான் மாய கியூபால் அவன் மூளையைத் திருத்தி, கேப்டனுக்குப் பிடிக்கும் மாதிரி ஒரு 'நல்ல கறுப்பனை' செய்து அனுப்பினானாம். அதாவது அதுவரை ஆறு வருடம் வாசகர்கள் நம்பிய அந்த மனிதனின் நேர்மை முழுக்க ஒரு நாஜி செய்த பொம்மை வேலை, உள்ளே இருந்த 'நிஜம்' ஒரு ரவுடி. ஒரே இதழில் ஒரு மனிதனின் குணத்தையே பிடுங்கிக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. எங்கிள்ஹார்ட் நல்ல எழுத்தாளர், வேண்டுமென்றே அவமதித்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு வெள்ளை ஹீரோவின் நற்குணத்துக்கு இப்படி 'விளக்கம்' தேட யாருக்காவது தோன்றியிருக்குமா? 2014 கேப்டன் அமெரிக்கா படத்தில் அந்த ஸ்னாப் கதையைத் தொடவே இல்லை, சாம் ராணுவ மீட்புப் படையில் இருந்தவர் என்று ஒரே வரியில் முடித்தார்கள். அதே வருடம் காமிக்ஸில் சாம் கேப்டன் அமெரிக்காவும் ஆனார்.

அப்படியானால் நல்ல ரெட்கான்?

2003இல் ராபர்ட் மொராலெஸ் எழுதி கைல் பேக்கர் வரைந்த 'ட்ரூத்: ரெட், ஒயிட் அண்ட் பிளாக்'. ஸ்டீவ் ரோஜர்ஸை கேப்டன் அமெரிக்கா ஆக்கிய மருந்தைத் திரும்பத் தயாரிக்க 300 கறுப்பினச் சிப்பாய்களை வைத்துச் சோதனை செய்கிறார்கள், ஏறக்குறைய எல்லோரும் செத்துப்போகிறார்கள். பிழைத்த ஐசாயா பிராட்லி கேப்டனின் உடையைத் திருடிக்கொண்டு தனியாகப் போருக்குப் போகிறார், திரும்பி வந்ததும் சிறை. அறிவிப்பு வந்தபோதே கேப்டனின் புனிதத்தைக் கெடுக்கிறார்கள் என்று கத்தினார்கள். ஆனால் இதன் அடியில் இருப்பது நடந்த கதை. அலபாமாவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்தது. பெனிசிலின் வந்த பிறகும் தரவில்லை. அப்படிப்பட்ட நாட்டில் சூப்பர் சிப்பாய் மருந்தை முதலில் யார் உடம்பில் ஏற்றிப் பார்த்திருப்பார்கள்? கேட்கப்படாமலே இருந்த அந்தக் கேள்வியை இந்தக் கதை கேட்டது. ஸ்டீவின் ஆரிஜினில் ஒரு வரிகூட மாறவில்லை, ஆனால் அதை இனி பழைய மாதிரி படிக்க முடியாது.

சரி, எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் பிளாக் பாந்தரையும் வெள்ளையராக்கலாமா?

கேட்பவர் மடக்கிவிட்டதாக நினைத்துக் கேட்கும் கேள்வி. என் கணக்கு எளிது: அந்த நிறத்தை எடுத்துவிட்டால் ஆரிஜின் நிற்குமா? காலனி ஆட்சி தொடாத ஆப்பிரிக்க நாட்டின் அரசரிடம் அதை எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. ஃப்யூரியிடம் எடுத்தால் ஒற்றைக் கண் உளவாளி அப்படியே நிற்கிறார். பீட்டர் பார்க்கரிடம் எடுத்தாலும் குவீன்ஸில் வாடகைக்குத் திணறும் பையன் நிற்பான்தான்.

இதில் யாரும் சண்டை போடாத ஒரு கூட்டம் இருக்கிறது. 'நியூ மியூட்டன்ட்ஸ்' காமிக்ஸின் சன்ஸ்பாட், 1982இல் வந்த பிரேசில் பையன், அப்பா கறுப்பர். கால்பந்து மைதானத்தில் எதிரணிப் பையன்கள் அவன் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தி அடிக்கும்போதுதான் சக்தி முதல்முறை வெளிப்படுகிறது. இதில் நிறம்தான் ஆரிஜின். அப்படிப்பட்டவனை வருடாவருடம் வண்ணம் பூசுகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்க வைத்தார்கள், 2020 படத்தில் வெளிர்நிற நடிகரே வந்துவிட்டார். ஹைம்டால் என்ற நார்ஸ் தெய்வமாகக் கறுப்பின நடிகர் இட்ரிஸ் எல்பா நடித்ததற்கு 2011இல் 'தார்' படத்தையே புறக்கணிக்கச் சொன்ன கூட்டம் இருந்தது. சன்ஸ்பாட்டுக்காக அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

ஆசியப் பாத்திரங்கள்?

அங்கே சிக்கல் வேறு மாதிரி: மூலமே கேவலமாக இருக்கும். 1973இல் வந்த குங்ஃபூ ஹீரோ ஷாங்-சியின் அப்பா யார் தெரியுமா, ஃபூ மான்சூ. ஆங்கில நாவல்களில் சீனர்களைப் பூச்சாண்டியாகக் காட்ட உருவாக்கிய பாத்திரம், மார்வெல் உரிமம் வாங்கிப் போட்டது. உரிமம் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லவே முடியாமல், பல வருடம் கழித்து வேறு பெயர் வைத்தார்கள். 2021 படம் அப்பாவையே புதிதாக எழுதியது. டோனி லியூங் நடித்த வென்வூ, தனக்கு ஒரு அமெரிக்கன் கோழிக்கறி வகை ஒன்றின் பெயரை வைத்தான் என்று 'மாண்டரின்' பட்டத்தைக் கிண்டல் செய்யும் இடம் பிரமாதம்.

'டாக்டர் ஸ்டிரேஞ்ச்' 2016இல் வேறு வழியில் தப்பிக்கப் பார்த்தது. 1963இலிருந்து இமயமலைக் கிழவராக இருந்த, ஸ்டிரேஞ்சின் குருவான ஏன்ஷியன்ட் ஒன்னை, பழைய பாணி ஆசியக் குருவாகக் காட்ட வேண்டாம் என்று வெள்ளை நடிகை டில்டா ஸ்வின்டனுக்குக் கொடுத்தார்கள். கிழவரை முழு மனிதராக எழுதியிருக்கலாமே, ஆளையே ஏன் தூக்க வேண்டும்? மார்வெல் படங்களின் தயாரிப்பாளர் கெவின் ஃபைகியே 2021இல், புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்தோம், வேறு வழி இருந்திருக்கிறது என்ற பொருளில் பேசினார்.

கமலா கானின் சக்தியை டிவியில் ஏன் மாற்றினார்கள்? அதுவும் இதில் சேருமா?

சேரும், நிறம் மாறாமலே ஆரிஜின் மாறலாம். 2014இல் 'மிஸ் மார்வெல்' காமிக்ஸ் தொடர் தொடங்கியபோது ஜெர்சி சிட்டியின் பாகிஸ்தானி-அமெரிக்கப் பெண்ணான கமலாவுக்கு உடம்பை நீட்டவும் உருவத்தை மாற்றவும் சக்தி வருகிறது. முதல்முறை அவள் என்னவாக மாறுகிறாள்? தான் ஆசைப்பட்டபடி பொன்னிற முடியோடு, தனக்குப் பிடித்த வெள்ளை சூப்பர் ஹீரோயின் கேரல் டான்வர்ஸாக. மாறிய பிறகு அந்த உடை இறுக்குகிறது, முடி வாயில் விழுகிறது, ஆசைப்பட்டது கிடைத்தும் சுகமில்லை. வீட்டில் ஒரு முகம், பள்ளியில் ஒரு முகம் என்று வளரும் பெண்ணுக்கு உருமாறும் சக்தி எவ்வளவு கச்சிதம் பாருங்கள். ஜி. வில்லோ வில்சன் எழுதியதில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

2022 தொடரில் அதை எடுத்துவிட்டுப் பாட்டி வழி வந்த ஒரு காப்பும் ஒளிக்கற்றையும் வைத்தார்கள். பதிலுக்குக் கிடைத்தது 1947 பிரிவினையின் ரயில் நிலையம். அந்த ரயில் காட்சி நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு நஷ்டக் கணக்குதான். காப்பு பரம்பரையிலிருந்து வந்தது, உருமாற்றம் அவளுக்குள்ளிருந்தே வந்தது.

இந்திய ஸ்பைடர்மேன் எப்படி?

2004இல் வந்த பவித்ர் பிரபாகர். பீட்டர் பார்க்கரை இந்திய உச்சரிப்பில் சொன்னால் கிடைக்கும் பெயர். கிராமத்திலிருந்து உதவித்தொகையில் மும்பைப் பள்ளிக்கு வரும் பையன், வேட்டி கட்டிய ஸ்பைடர்மேன், சக்தி கொடுப்பவர் ஒரு யோகி. அறிவியல் விபத்தை எடுத்துவிட்டு மந்திரத்தை வைத்ததில்தான் எனக்குக் கோபம். மும்பையில் ஆய்வுக்கூடமே இல்லையா? பென் மாமா பீம் மாமாவாகவும் மே அத்தை மாயா அத்தையாகவும் மாறினார்களே தவிர, கதை அமெரிக்கக் கதையின் நிழல். நாலு இதழோடு நின்றது. 2023 அனிமேஷன் படத்தில் வந்த பவித்ர் பரவாயில்லை, 'சாய் டீ' என்று சொன்னவனை "சாய் என்றாலே டீதான்" என்று பாய்ந்து திருத்துகிறான். அந்த ஒரு எரிச்சலில் வந்த ஊர் வாசனை யோகியிடம் இல்லை.

நாம் தமிழில் படித்த பழைய காமிக்ஸ்களிலும் இப்படி மாற்றினார்களா?

தாராளமாக. ராணி காமிக்ஸில் மாயாவி என்று வந்தாரே, அந்த ஃபேன்டம் இருந்த நாடு 1936இல் தொடங்கியபோது ஆசியப் பக்கம், பிற்பாடு மெல்ல ஆப்பிரிக்காவுக்கு நகர்ந்தது, யாரும் கொடி பிடிக்கவில்லை. இந்தியாவில் இந்திரஜால் காமிக்ஸ் வெளியிட்டபோது 'பெங்காலி' என்ற நாட்டை 'டெங்காலி' ஆக்கினார்கள், முந்தைய ஃபேன்டத்தைக் கொன்ற ராமாவை 'ராமலு' ஆக்கினார்கள். இங்கே இருப்பவர் மனம் புண்படக் கூடாதல்லவா! மந்திரவாதி மாண்ட்ரேக்கின் ஆப்பிரிக்கக் கூட்டாளி லோதார் 1934இல் சிறுத்தைத் தோலும் துருக்கித் தொப்பியுமாக, உடைந்த ஆங்கிலத்தில் எஜமானுக்குப் பணிந்து பேசுபவர். 1965இல் ஃப்ரெட் ஃப்ரெடெரிக்ஸ் வரையத் தொடங்கிய பிறகு மொழி திருந்தியது, உடை மாறியது. மாண்ட்ரேக்கை உருவாக்கிய லீ ஃபாக் உயிரோடு இருந்து தானே எழுதிக்கொண்டிருந்தபோது நடந்த மாற்றம் இது.

பழைய பெயரைக் கொடுக்காமல் புதிய ஹீரோவை உருவாக்கினால் என்ன?

உருவாக்கினார்கள். 1993இல் டுவெய்ன் மக்டஃபி, டெனிஸ் கவன் முதலிய கறுப்பினக் கலைஞர்கள் மைல்ஸ்டோன் என்ற நிறுவனமே தொடங்கினார்கள், ஸ்டாட்டிக், ஐகான், ஹார்ட்வேர் எல்லாம் அங்கே வந்தவர்கள். சில வருடங்களிலேயே இதழ்கள் நின்றன. அமெரிக்காவில் காமிக்ஸ் கடைக்காரர் இதழ் அச்சாகும் முன்பே எத்தனை பிரதி என்று சொல்ல வேண்டும், விற்காதது பெரும்பாலும் அவர் தலையில்தான். தெரியாத பெயரில் அவர் பணம் போட மாட்டார், ஸ்பைடர்மேன் என்று அட்டையில் இருந்தால் போடுவார். அதனால்தான் பழைய முகமூடியைப் புதியவருக்கு மாட்டுகிறார்கள். அதே காரணத்தால்தான் விற்பனை தள்ளாடியதும் கழற்றியும் விடுகிறார்கள். 2014இல் டிசி, ஃப்ளாஷ் கதைகளில் வரும் வாலி வெஸ்டைக் கலப்பினப் பையனாகக் கொண்டுவந்தது. 2016இலேயே பழைய செம்பட்டை முடி வாலி திரும்பி வந்தார். புதியவனை என்ன செய்தார்கள்? இருவரும் ஒரே கொள்ளுத்தாத்தாவின் பெயர் வைக்கப்பட்ட உறவுக்காரர்களாம், சின்னவனை இனி வாலஸ் என்று கூப்பிடுங்கள் என்றார்கள். நிறத்தை மாற்றியதற்காகக் கத்துபவர்களைப் பார்த்து எனக்கு வராத கோபம் இந்த இடத்தில் வருகிறது. கொண்டுவந்த பையனை ரெண்டு வருடம் கூடத் தாங்க முடியாதவர்கள் எதற்குக் கொண்டுவர வேண்டும்?

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

'ட்ரூத்' ஏழே இதழ், ஒரு மாலையில் முடிந்துவிடும், தூக்கம்தான் வராது. அப்புறம் 'மிஸ் மார்வெல்' முதல் ஐந்து இதழ். வீட்டில் பதினாலு பதினைந்து வயதில் பெண் பிள்ளை இருந்தால் இரண்டாவதை முதலில் அவளிடம் கொடுங்கள், உங்கள் முறை வர நாளாகும்.